கண்ணாடி அறைக்குள் ஒரு கீரைப்பாத்தி

லே நகரக் கிளைக்கு மாற்றல் ஆணை வந்த வாரத்தில் நம் தாயார் ஒரு கிலோ வெந்தயத்தைத் துணிப்பையில் கட்டிப் பெட்டியில் வைத்தார். இரண்டு கம்பளிப் போர்வைகளும் ஒரு புட்டி நாரத்தங்காய் ஊறுகாயும் அதற்குத் துணையாகச் சென்றன. ஒருவர் சமையலுக்கு ஒரு கிலோ வெந்தயம் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று நாம் கேட்டதற்கு, "அங்கே பனிக்காலத்தில் கீரையே கிடைக்காதாம். தொட்டியில் தூவினால் ஐந்தாம் நாள் முளைத்துவிடும்" என்றார். வணிகவியல் படித்துவிட்டு இருபதாண்டுகளாகப் பேரேடுகளோடு வாழ்ந்த நமக்கு, விதை என்பது அதுநாள்வரை கடன் விண்ணப்பத்தில் 'இடுபொருள் செலவு' என்ற தலைப்பின்கீழ் வரும் ஓர் எண் மட்டுமே. அது முளைக்கும் பொருள் என்பதை லடாக்கில்தான் கற்றுக்கொண்டோம். அந்தக் கல்விக்கு நாம் செலுத்திய கட்டணத்தையும், அது பின்னர் ஒரு கடன் விண்ணப்பத்தைத் தீர்மானிப்பதில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழையளவு சுமார் 100 மில்லிமீட்டர்தான். குளிர்கால இரவுகள் சிலவற்றில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குகிறது. சோஜிலா கணவாயிலும் மணாலிப் பாதையிலும் பனி மூடிவிட்டால் லாரிகள் வருவது நின்றுவிடும். பச்சைக் காய்கறி விமானத்தில் வந்து இறங்க வேண்டும். ஜனவரி மாதத்தில் ஒரு கட்டுக் கொத்துமல்லியின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பிய நாள்கள் நமக்கு உண்டு. உள்ளூர் மக்கள் நிலத்தடிக் குழிகளில் சேமித்த உருளைக்கிழங்கு, முள்ளங்கி, கேரட், டர்னிப் ஆகியவற்றையும் கோடையில் உலர்த்திய கீரையையும் கொண்டு மார்ச் மாதம் வரை காலம் தள்ளுவார்கள்.

இத்தனைக்கும் அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆண்டில் 300 நாள்களுக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும் என்பார்கள். காற்றுதான் குளிர்கிறது, வெயில் சுடுகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் வியர்க்கும், அந்தப் பக்கம் நின்றால் விரல் விறைக்கும்.

நாம் வாடகைக்குத் தங்கிய வீட்டில் தெற்கு நோக்கிய ஓர் அறை முழுவதும் கண்ணாடிச் சன்னல்களால் ஆனது. 'ஷெல்காங்' என்று அழைக்கிறார்கள். கண்ணாடி அறை என்பது பொருள். தெற்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. டிசம்பர் 21 அன்று சென்னையில் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். லே நகரில் 32 டிகிரிதான். அத்தனை தாழ்வாக வரும் வெயில் கூரையில் விழுவதைவிடத் தென்சுவரில்தான் நன்றாக விழும். சுவரைக் கண்ணாடியாக்கிவிட்டால் வெயில் உள்ளே வந்து, தரையிலும் பின்சுவரிலும் பட்டு, வெப்பமாக மாறித் தங்கிவிடுகிறது. பகல் முழுவதும் குடும்பம் அங்கேதான் உட்காரும், துணி உலரும், பூந்தொட்டிகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்கார அம்மையாரை ஊர் வழக்கப்படி நாம் 'அமாலே' என்று அழைத்தோம். 'அமா' என்றால் அம்மா. 'லே' என்பது அவர்கள் மொழியின் மரியாதை விகுதி, ஊர்ப் பெயரோடு தொடர்பில்லை. கண்ணாடி அறையின் மேற்கு மூலையில் நான்கு ஆப்பிள் பெட்டிகள் வைக்கும் அளவுக்கு இடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

முதலில் மண். சென்னையில் மண் வேண்டுமென்றால் எந்நாளும் வெட்டிக்கொள்ளலாம். லே நகரில் நவம்பர் பிற்பாதிக்குப் பிறகு நிலம் கல்லாகிவிடும், கடப்பாரை எகிறும். அக்டோபரிலேயே வயல்மண்ணையும் மக்கிய ஆட்டெருவையும் கோணிப்பைகளில் கட்டி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும் என்பது அமாலே சொல்லித்தான் தெரிந்தது. கடைத்தெருவில் தென்னை நார்க் கழிவுக் கட்டியும் கிடைத்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொள்ளாச்சி முகவரி. இமயத்தின் அந்தப் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைத் தமிழில் வாசித்த மகிழ்ச்சியில் தேவைக்கு மேல் இரண்டு கட்டிகள் வாங்கிவிட்டோம். மண், எரு, நார்க் கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து பெட்டிகளை நிரப்பினோம்.

நவம்பர் இறுதியில் வெந்தயம், கொத்துமல்லி, பசலைக்கீரை, தக்காளி என நான்கு வகை விதைத்தோம். தாயார் சொன்னபடியே வெந்தயம் ஐந்தாம் நாள் தலைகாட்டியது. பசலைக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அது குளிருக்கு அஞ்சாத விதை, ஐந்தாறு டிகிரி வெப்பத்திலும் மெல்ல முளைத்துவிடும். கொத்துமல்லி பதினெட்டு நாள் மௌனமாக இருந்தது. அதன் உருண்டை உண்மையில் ஒரு கனி, உள்ளே இரண்டு விதைகள் ஒட்டியிருக்கின்றன. செருப்பால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்துப் போட வேண்டும் என்பதை நாம் அறியாமல் முழுதாகப் போட்டிருந்தோம். தக்காளி முளைக்கவேயில்லை. அதற்கு 20 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், 25 இருந்தால் சிறப்பு. கண்ணாடி அறையோ பகலில் 25, இரவில் உறைநிலையை ஒட்டி.

ஆகவே தக்காளியை மறுபடி விதைத்து, பெட்டியை உள்ளறையில் புகாரி அடுப்பின் அருகே வைத்தோம். எட்டாம் நாள் முளைத்தது. மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. வெப்பம் இருந்ததே தவிர ஒளி இல்லை. நாற்றுகள் ஒளியைத் தேடி விரலளவு நீண்டு, நூல்போல மெலிந்து, சன்னல் இருக்கும் திசைக்குச் சாய்ந்துவிட்டன. முளைக்கும்வரைதான் விதைக்கு வெப்பம் முதன்மை. முளைத்த நொடியிலிருந்து அதற்கு ஒளிதான் உணவு. அதன் பின்னர்ப் பகலில் கண்ணாடி அறை, பொழுது சாய்ந்ததும் உள்ளறை என்று பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வைத்தோம். நாள்தோறும் பெட்டியை அரைவட்டம் திருப்பி வைத்ததில் சாய்வும் ஓரளவு நிமிர்ந்தது.

டிசம்பர் 31 வங்கியாளர்களுக்குக் காலாண்டு முடிவு நாள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று கிளையில் கணக்குகள் முடிந்து வீடு திரும்புகையில் இரவு பத்தரை மணி. அமாலே குடும்பத்தினர் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தனர். காலையில் அலுவலகம் புறப்படும் அவசரத்தில் பெட்டிகளுக்குத் தாராளமாகத் தண்ணீர் வேறு ஊற்றியிருந்தோம். நேராகப் படுக்கைக்குச் சென்றோம். பெட்டிகளின் நினைவே வரவில்லை.

புத்தாண்டுக் காலையில் கண்ணாடி அறையின் உட்புறம் முழுவதும் பனிக்கோலம். தக்காளி நாற்றுகள் கொதிநீரில் போட்ட கீரைபோல் துவண்டு கருத்துக் கிடந்தன. வெந்தயத்தில் பாதி போயிற்று. பசலை இலைகள் கண்ணாடித் துண்டுபோல் விறைத்து நின்றன. தொட்ட ஓர் இலை முறிந்தது. வங்கியாளர் மொழியில் சொன்னால், நான்கு பெட்டிகளையும் வாராக் கடன் என்று வகைப்படுத்தினோம். பசலைப் பெட்டியைத் தூக்கிப் போய் வாசலில் கவிழ்க்கும் நேரத்தில் அமாலே வந்து சேர்ந்தார்.

"மேனேஜர் சாப், அதைக் கீழே வையுங்கள்" என்றார். "அது செத்துப்போகவில்லை, உறைந்திருக்கிறது. வெயில் மெல்ல வரட்டும். அதுவரை கையால் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்."

பெட்டியை அவரே வாங்கி, நேர் வெயில் படாத மூலையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். பதினோரு மணியளவில் பசலை இலைகள் தளர்ந்து, ஈரம் கோத்து, பின்னர் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. உறைந்த இலையை மெதுவாக இளகவிட்டால் பசலை, கொத்துமல்லி போன்ற குளிர்த்தாங்கும் பயிர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உறைந்த நிலையில் கைபட்டால்தான் உள்ளே உயிரணுக்கள் நசுங்கிவிடும். தக்காளிக்கு அந்த வலிமை கிடையாது. ஒரே இரவில், ஒரே அறையில், ஒன்று முழு இழப்பாகவும் மற்றொன்று தற்காலிக முடக்கமாகவும் இருந்தன. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் நாம் இரண்டையும் தள்ளுபடி செய்யவிருந்தோம். அன்று மாலை அலுவலகத்தில் தவணை தவறியோர் பட்டியலைப் பார்த்தபோது பசலைப் பெட்டி நினைவுக்கு வந்ததை மறைப்பதற்கில்லை.

பிப்ரவரி மாதத்தில் மறுபடி விதைத்தோம். இம்முறை வேறொரு சோதனை. குளிருக்குப் பயந்து பெட்டியின்மேல் பாலித்தீன் தாளை இறுக்கி மூடினோம்; மண்ணும் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தது. நாற்றுகள் முளைத்து ஒரு வாரத்தில், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து நூலாகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இதனை நாற்றழுகல் நோய் என்பார்கள். மண்ணிலிருக்கும் பூஞ்சணங்கள் காற்றோட்டமில்லாத ஈரத்தில் பெருகுவதால் வருவது. வீட்டுக்குள் விதைப்போரில் பெரும்பாலோர் முதல்முறை இழப்பது இதனால்தான். விதைப்பதற்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத் தூளை, கிலோ விதைக்கு 4 கிராம் வீதம், விதையோடு கலந்துகொள்ளலாம். வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை போதும். அதைவிட முக்கியம், முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிடுவது, மேல்மண் சற்று உலர்ந்த பின்னரே நீர் விடுவது, அதையும் காலையில் விடுவது.

விதைக்கும் ஆழத்தைப் பற்றியும் ஒரு சொல். விதையின் பருமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். லெட்யூஸ் விதைக்கு முளைப்பதற்கே ஒளி வேண்டும் என்பதால் அதை மண்ணின்மேல் தூவி அழுத்திவிட்டால் சரி. நாம் முதல் பருவத்தில் எல்லாவற்றையும் ஓர் அங்குல ஆழத்தில் புதைத்திருந்தோம்.

சமவெளியில் வாழும் வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பனிக்கதை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் கண்ணாடி அடைத்த பால்கனி ஒன்று இருந்தால், அதுவும் ஒரு சிறிய பசுமைக்குடில்தான். டில்லியிலும் லக்னோவிலும் ஜனவரிக் குளிரில் கத்தரி, மிளகாய் நாற்றுகளை அதற்குள் எழுப்பலாம். சென்னை, ஐதராபாத் போன்ற ஊர்களில் சிக்கல் தலைகீழானது. ஏப்ரல் மாதக் கண்ணாடி பால்கனி அடுப்பாகிவிடும். அங்கே நிழல்வலையும் திறந்த சன்னலும்தான் குடில். 30 டிகிரியைத் தாண்டினால் லெட்யூஸ், பசலை விதைகள் உறங்கிப்போகும் என்பதால் அவற்றைக் கார்த்திகை, மார்கழிக்கு ஒதுக்குவது நல்லது. வெந்தயமும் கொத்துமல்லியும் சமையலறை டப்பாவிலிருந்தே எடுத்துப் போடலாம். இதற்கெல்லாம் கடன் கேட்டுக் கிளைக்கு வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இருநூறு ரூபாய் ஒதுக்கினால் ஒரு பருவம் நடக்கும்.

கடன் கேட்டு வந்தவர்கள் வேறு.

அந்தக் கோடையின் தொடக்கத்தில், சிந்து நதியோரக் கிராமம் ஒன்றிலிருந்து பெண்கள் சுயஉதவிக் குழுவினர் பதினொரு பேர் கிளைக்கு வந்தார்கள். பசுமைக்குடில் ஒன்று கட்ட ஒன்றரை இலட்சம் ரூபாய் வேண்டும் என்பது விண்ணப்பம். லடாக்கில் இது புதிய முயற்சியன்று. 1962-இல் லே நகரில் தொடங்கப்பட்ட பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடம், இன்று உயர்மலை ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது, பல பத்தாண்டுகளாகக் குளிர்கால சாகுபடியில் உழைத்திருக்கிறது. நிலத்தில் மூன்றடிப் பள்ளம் தோண்டி மேலே பாலித்தீன் மூடும் பள்ளக்குடில் அவற்றுள் எளியது. நிலத்தின் அடிமண் மேற்காற்றைவிடக் குளிர் குறைந்தது என்பதே அதன் நுட்பம். தொண்டு நிறுவனங்கள் பரப்பிய மற்றொரு வடிவம் உண்டு. கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கிலும் இரு பக்கங்களிலும் மண்செங்கற் சுவர், தெற்கே சாய்வாக இறங்கும் பாலித்தீன் விரிப்பு. சுவர் இரட்டைச் சுவர். இடையில் வைக்கோல் அடைக்கப்பட்டிருக்கும். பகல் வெயிலில் சூடேறும் சுவர் இரவில் அந்தச் சூட்டை மெல்ல உள்ளே விடுகிறது. விறகும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். குழுவினர் கட்ட நினைத்தது இந்த இரண்டாம் வகை. செங்கல் அவர்களே அறுப்பார்கள், பாப்லர் மரக் கழிகளில் பாதி அவர்கள் தோட்டத்திலேயே இருக்கின்றன. விரிப்பு, மீதி மரம், விதை, குழித்தட்டுகள், கதவு, சன்னல் ஆகியவற்றுக்குத்தான் பணம்.

விண்ணப்பத்தோடு ஒரு திட்ட அறிக்கையும் இருந்தது. எங்கோ ஒரு தட்டச்சுக் கடையில், ஏற்கெனவே இருந்த படிவத்தில் எண்களை மட்டும் மாற்றித் தயாரித்தது. பன்னிரண்டு மாதங்களும் மாதம் 12,000 ரூபாய் வருமானம். மூன்றாண்டுகளுக்குச் சமமான மாதத் தவணை. படிப்பதற்கு ஒழுங்காக இருந்தது. முந்தைய குளிர்காலத்துக்கு முன் வந்திருந்தால் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டிருப்போம். கண்ணாடி அறையில் ஒரு பருவம் கழித்த பின் அந்த ஒழுங்கே ஐயத்தை எழுப்பியது.

"டிசம்பரிலும் ஜனவரியிலும் 12,000 எப்படி வரும்?" என்று கேட்டோம்.

குழுத் தலைவி மற்றவர்களைப் பார்த்தார். பின்னர், "வராது" என்றார். "அக்டோபர் தொடக்கத்தில் விதைத்த கீரை நின்றுகொண்டிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம். டிசம்பரில் புதிதாக விதைத்தால் முளைத்து அப்படியே நிற்கும், வளராது. இது எங்களுக்குத் தெரியும். கடைக்காரர்தான் வங்கிக்கு ஒரே மாதிரி எழுதினால் பிடிக்கும் என்றார்."

அவர் கூறியது சரி. டிசம்பர் பிற்பாதியில் லே நகரின் பகற்பொழுது பத்து மணி நேரத்துக்கும் குறைவு. குளிரைச் சுவர் தடுத்துவிட்டாலும் ஒளியைக் கூட்ட முடியாது. பயிர் உயிரோடிருக்கும், பெருகாது. அந்த இரண்டு மாதங்களில் தவணை கேட்டால் குழுவினர் சேமிப்பிலிருந்தோ வட்டிக்காரரிடமிருந்தோ எடுத்துத்தான் கட்டுவார்கள்.

அடுத்த வினா, "இரவில் விரிப்பின் வழியாக வெப்பம் வெளியேறுமே, என்ன செய்வீர்கள்?" புத்தாண்டு இரவின் அனுபவம் கேட்க வைத்த வினா அது. படைத்துறை கழித்த பழைய பாராசூட் துணியை வாங்கி விரிப்புக்கு அடியில் திரைபோல் கட்டுவோம், மாலை நான்கு மணிக்கு இழுத்து மூடுவது ஒவ்வொரு நாளும் ஒருவர் முறை என்று விடை வந்தது. யாருக்கு எந்தக் கிழமை என்பதுவரை பேசி வைத்திருந்தார்கள். அந்த விடைதான் நமக்கு ஈட்டுப்பத்திரமாகத் தோன்றியது.

மூன்றாவதாக, எப்போது பணம் வரும் என்று கேட்டோம். மே மாதம் என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. லடாக்கில் திறந்த வயலில் பயிரிட முடிவது மே முதல் செப்டம்பர் வரைதான். அந்தக் குறுகிய காலத்தில் முட்டைக்கோசும் காலிபிளவரும் தக்காளியும் விளைய வேண்டுமானால் மே மாதத்தில் நாற்று தயாராக இருக்க வேண்டும். மார்ச் இறுதியில், வெளியே நிலம் உறைந்திருக்கையிலேயே, குடிலுக்குள் விதைத்தவரிடம்தான் அது இருக்கும். குளிர்காலக் கீரை வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும், நாற்றுதான் வருமானம். அந்த வருமானம் திட்ட அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

அறிக்கையை அங்கேயே மேசையில் வைத்துத் திருத்தினோம். மாதத் தவணை கைவிடப்பட்டது. அசல் 30,000 ரூபாய் வீதம் ஐந்து தவணைகள். ஜூன், அக்டோபர் மாதங்களில் மட்டும். இடையில் காலாண்டுக்கு ஒருமுறை வட்டி. வேளாண் கடன்களில் அறுவடையை ஒட்டித் தவணை அமைப்பதற்கு விதிகளில் இடமுண்டு. நாம்தான் பல வேளைகளில் வசதி கருதி மாதக் கணக்கில் போட்டுவிடுகிறோம். மேலலுவலகத்துக்கு விளக்கம் எழுத இரண்டு பக்கம் ஆயிற்று. ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, மறுமுறை ஒப்புதல் வந்தது.

ஆகஸ்டில் செங்கல் அறுத்துச் செப்டம்பரில் சுவர் எழுந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் பசலையும் கொத்துமல்லியும் லெட்யூசும் விதைத்தார்கள். ஆய்வுக்காக டிசம்பரில் சென்றபோது வெளியே மூச்சு பனியாக உதிர்ந்தது. உள்ளே கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. மண்ணின் ஈர வாசனையை இரண்டு மாதங்களுக்குப் பின் முகர்ந்தோம். ஒரு கைப்பிடி கொத்துமல்லியைப் பறித்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆய்வுக்குச் சென்ற இடத்தில் எதையும் பெற்றுக்கொள்வதில்லை என்று மறுத்தோம். வேண்டுமானால் பணம் கொடுங்கள் என்றார் தலைவி. பத்து ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம்; நகரத்து விலையை அவரிடம் சொல்லவில்லை என்பது இன்றும் சற்று உறுத்துகிறது.

பிப்ரவரியில் அடித்த காற்று ஓர் இரவில் விரிப்பின் கிழக்குப் பகுதியைக் கிழித்துவிட்டது. மாற்று விரிப்பு கையிருப்பில் இல்லை. திட்டத்தில் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. அது குழுவினர் பிழை மட்டுமன்று. எந்தச் சொத்துக்கும் தேய்மானம் எழுத வேண்டும் என்று கல்லூரியில் முதலாண்டிலேயே படித்தவர் நாம். செலவுப் பட்டியலைச் சரிபார்த்தவரும் நாமே. குடிலின் மண்சுவர் தலைமுறைகளுக்கு நிற்கும். பாலித்தீன் சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது, புறஊதாக் கதிரைத் தாங்கும் தன்மை ஊட்டப்பட்ட விரிப்பும் நிலையானதன்று. இரண்டையும் ஒரே வரியில் 'கட்டுமானம்' என்று எழுதி விட்டிருந்தோம். பெண்கள் கம்பளிகளைப் போட்டு மூடி, கிழிந்ததைத் தைத்து, மேலே ஒட்டுநாடா ஒட்டிச் சமாளித்தார்கள். கிழக்குப் பாத்தி முழுவதும் உறைந்தது. பசலை மீண்டது, லெட்யூஸ் மீளவில்லை. மார்ச் 31-க்குரிய வட்டி ஏப்ரல் 9 அன்று வந்தது. அந்த ஒன்பது நாள்களும் நமக்குத் தூக்கம் சரியாக இல்லை. மேலலுவலகத்துக்கு எழுதிய இரண்டு பக்க விளக்கத்தின் நகல் இழுப்பறையில் இருந்தது.

மே மாதத்தில் அவர்களிடம் அறுபது குழித்தட்டுகளில் நாற்று இருந்தது. தட்டுக்கு 98 குழிகள். முளைக்காதவை, வாடியவை போக ஏறத்தாழ ஐயாயிரம் நாற்றுகள் சுற்றுவட்டக் கிராமங்களுக்கு விற்பனையாயின. விற்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தட்டுகளைப் பகலில் வெளியே எடுத்துவைத்து, நீரைக் குறைத்து, நாற்றுகளைக் குளிர்காற்றுக்குப் பழக்கினார்கள். இந்தக் கடினப்படுத்தலைச் செய்யாமல் குடிலிலிருந்து நேரே வயலுக்குப் போன நாற்று இரண்டே நாளில் சுருண்டுவிடும். வாங்கியவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். ஜூன் மாத அசல் 30,000 ரூபாயும் வட்டியும் உரிய நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே செலுத்தப்பட்டன.

பெரிய அளவில் பசுமைக்குடில் அமைக்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள். 2014-15 முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின்கீழ், பாதுகாக்கப்பட்ட சாகுபடிக்கு வரையறுக்கப்பட்ட செலவில் பாதியளவு வரை உதவித்தொகை பெற வழியுண்டு. ஆனால் உதவித்தொகை பெரும்பாலும் கட்டுமானம் முடிந்து ஆய்வு நடந்த பின்னரே வரும். அதுவரை முழுச் செலவையும் தாங்கும் ஏற்பாடு வேண்டும். கட்டுமானத்துக்குக் காலக்கடன், விதை, உரம் முதலான நடைமுறைச் செலவுக்கு 1998 முதல் வழங்கப்பட்டுவரும் உழவர் கடன் அட்டை என்று பிரித்துக் கேட்பது சிறந்தது. 2025 ஜனவரி 1 முதல், ஒருவருக்கு 2 இலட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு ஈட்டுப் பிணையம் தேவையில்லை. திட்ட அறிக்கையை யார் எழுதிக் கொடுத்தாலும், எந்த மாதத்தில் வருமானம் வராது என்பதை நீங்களே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக் கடனை மறுப்பவரைவிடத் தவணையை மாற்றி எழுதுபவரே மிகுதி.

ஜூன் தவணையைச் செலுத்த வந்த நாளில் குழுத் தலைவி மற்றொரு படிவமும் கேட்டார். குழுவின் பெயரில் தொடர் வைப்பு, மாதம் 500 ரூபாய், நான்காண்டு. எதற்கு என்றோம். "பிளாஸ்டிக்குக்கு" என்றார். நாம் எழுத மறந்த தேய்மானம் 48 தவணைகளில், வட்டி நீங்கலாக 24,000 ரூபாயாக, அவர் கணக்கில் வந்துவிட்டிருந்தது.

அதே மாத இறுதியில் நமக்கு மாற்றல் ஆணை வந்தது. கண்ணாடி அறையில் அவ்வாண்டு பிழைத்த தக்காளிச் செடிகள் பதினான்கு, இரண்டு பெட்டி வெந்தயம், பூத்து நிற்கும் கொத்துமல்லி ஒரு பெட்டி. எல்லாவற்றையும் அமாலேயிடம் ஒப்படைத்தோம். கொத்துமல்லிப் பூவை வெட்டிவிடலாமா என்று கேட்டார். காயட்டும், விதைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அவருக்கு நாம் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

செப்டம்பர் நடுவில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. தக்காளி பன்னிரண்டு செடிகளில் காய்த்திருக்கிறது, பாதி இன்னும் பச்சை, வெளியே இரவில் பனி விழத் தொடங்கிவிட்டது, கண்ணாடி அறைக் கதவை எத்தனை மணிக்குச் சாத்துவது என்று கேட்டார். பொழுது சாய்வதற்கு முன் என்றோம். "அது தெரியும், மேனேஜர் சாப்" என்று சிரித்தார். "உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று பார்த்தேன்."